சுயமதிப்பீடு தற்புகழ்ச்சி அன்று

வருடம் முடிவடையும் தறுவாயில் அரச அலுவலகங்கள், வங்கிகள், தனியார் கம்பனிகள், அரசசார்பற்ற நிறுவனங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோரின் மேசைகளுக்கு ஒரு படிவம் வந்து சேர்கின்றது. செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் என்பது அதன் பெயர். அதன் பெரும்பகுதியை மேலதிகாரி நிரப்புவார். ஆயினும் ஒரு பகுதியை ஊழியரே நிரப்ப வேண்டும். கடந்த காலப்பகுதியில் தாம் செய்த பணி யாது, அதனால் விளைந்த பயன் யாது, செய்ய இயலாமற் போனது யாது, இனிச் செய்யவிருப்பது யாது என்பவற்றை அவர் தம் கையாலேயே எழுத வேண்டும். நமது பிரதேசத்தில் மிகக் குறைந்த கவனத்துடன் எழுதப்படுகின்ற ஆவணங்களுள் இதுவும் ஒன்று என நாம் கருதுகின்றோம்.

எழுதுவோரில் இரு சாரார் உளர். ஒரு சாரார் “எனக்கு வழங்கப்பட்ட கடமைகளைத் திருப்திகரமாக நிறைவேற்றினேன்” என்ற ஒற்றை வரியை எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுவர். மறுசாரார் சென்ற ஆண்டுப் படிவத்தையோ சக ஊழியரின் படிவத்தையோ பார்த்து, அர்ப்பணிப்பு, வினைத்திறன், குழுவாகச் செயற்படும் ஆற்றல் முதலான சொற்களை வரிசைப்படுத்தி இடத்தை நிரப்புவர். அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு வாங்கி ஒட்டுவோரும் பெருகியுள்ளனர். அச்செயலிகள் எழுதித் தரும் வாக்கியங்கள் மினுமினுப்பானவை. ஆனால் தாந்தாமலைக்குச் செல்லும் வழியில் எந்தக் கிராமத்து மகளிர் குழு எந்த மாதம் தவணை தவறியது என்பது அவற்றுக்குத் தெரியாது. எழுதுபவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி எதுவும் இல்லாத சுயமதிப்பீடு, எத்தனை பக்கம் நீண்டாலும் ஒற்றை வரியை விட மேலானதன்று.

இதனை நாம் கரையில் நின்று கூறவில்லை. இளம் வயதில் நாம் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் இத்தகைய படிவம் முதன்முதலாகத் தரப்பட்டபோது, ‘திருப்திகரம்’ என்ற ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தோம். அதனைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டோம். பதவியுயர்வுப் பட்டியல் வெளிவந்தபோது அதில் நமது பெயர் இருக்கவில்லை. நீண்ட காலம் மேலதிகாரியையே நொந்துகொண்டோம். வயதும் பொறுப்பும் கூடி, பிறரது படிவங்களை வாசிக்கும் இடத்துக்கு வந்த பின்னரே மறுபக்கம் நமக்குப் புரிந்தது. நள்ளிரவில் வந்து சேரும் செய்தியையும் பிழையின்றிச் செப்பனிடும் உதவி ஆசிரியர் ஒருவர் தமது பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். அவருடைய வேலையின் தன்மையே பிறர் கண்ணில் படாதது. பிழை நேராதவரை பிழை திருத்துபவரை எவரும் நினைப்பதில்லை. அவருக்காக வாதாட நாம் முனைந்தபோது, நம் கையில் ஓர் எண்ணிக்கையோ ஒரு திகதியோ இருக்கவில்லை. நல்லவர், கெட்டிக்காரர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாமற் போயிற்று. அந்த ஆண்டு அவருக்கு உரியது அவருக்குக் கிடைக்கவில்லை.

நகரத்து அலுவலகத்திலேயே இந்நிலை எனில், தொலைவிடங்களில் பணிபுரிவோரின் நிலை என்னவாகும்? கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்வோம். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் நாடறிந்த இவ்வூரிலேயே மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ளது. முதலைக்குடா, மகிழடித்தீவு, முனைக்காடு, அம்பிளாந்துறை, அரசடித்தீவு, பண்டாரியாவெளி முதலான ஊர்களுக்கும், மேற்கே காட்டை அண்டிய குடியிருப்புகளுக்கும் அரச பணிகள் இங்கிருந்தே செல்கின்றன. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் அமைந்த மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து இங்கு வருவோர் மண்முனைத் துறையில் ‘பாதை’க்காகக் காத்திருந்தனர். இங்கு பாதை என்பது வீதியைக் குறிப்பதன்று. மனிதரையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையையே மட்டக்களப்பார் அவ்வாறு அழைப்பர். பாலம் வந்தது, பயணம் சுருங்கியது. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்கும் அவ்வேலையை மதிப்பிடும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வாறு சுருங்கிவிடவில்லை. மாகாண சேவையினரின் கோப்புகள் திருகோணமலைக்குச் செல்கின்றன. இணைந்த சேவையினரின் கோப்புகள் கொழும்புக்குச் செல்கின்றன. வங்கிகளினதும் நிதிக் கம்பனிகளினதும் தலைமைக் காரியாலயங்களும் கொழும்பிலேயே உள்ளன. அங்கே கோப்பைத் திறப்பவர், மாரியில் வெள்ளம் வந்தால் வீதி எங்கே அறுபடும் என்பதையோ, யானைக்கு அஞ்சிப் பொழுது சாயுமுன் திரும்ப வேண்டிய கிராமம் எது என்பதையோ அறிந்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து படுவான்கரையில் பணியாற்றும் முஸ்லிம் உத்தியோகத்தராயினும், முனைக்காட்டில் பிறந்து அங்கேயே பணிபுரியும் தமிழ் உத்தியோகத்தராயினும் இவ்விடயத்தில் நிலைமை ஒன்றே. அவர் சார்பில் மேலிடத்துக்குச் செல்வது அந்தத் தாள் மட்டுமே.

இருந்தும் எழுதத் தயங்குகின்றோம். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சிறுபராயம் முதல் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. தமிழ் இல்லங்களிலும் முஸ்லிம் இல்லங்களிலும் இப்பாடம் ஒன்றே. செய்ததைச் சொல்லிக் காட்டினால் செய்ததன் பயன் போய்விடும் என்ற எண்ணம் இரு சமூகங்களிலும் ஆழ வேரூன்றியது. இப்பண்பை நாம் குறைகூற மாட்டோம். எனினும் நமது இலக்கண மரபே இதற்கு ஓர் எல்லை வகுத்திருப்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியை உயர்தர வகுப்பில் தமிழ் கற்றோர் அறிவர். எத்துணை அரிய நூலைச் செய்தவரும் தம்மைத் தாமே புகழ்தல் முறையன்று என்று கூறிய அவர், அடுத்த சூத்திரத்திலேயே அவ்விதிக்கு நான்கு விலக்குகளைத் தருகின்றார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதோர் நடுவே நிற்கும்போது, பெருஞ்சபையில் வென்றாக வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது ஆகிய நான்கு வேளைகளிலும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அவர் முடிவு. முதலிரண்டையும் நோக்குக. மேலிடத்துக்கு எழுதும் ஓலையும், நம்மை அறியாதவர் முன் நிற்றலும் சேர்ந்ததே இன்றைய சுயமதிப்பீட்டுப் படிவம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சமண முனிவர் அனுமதி வழங்கிவிட்ட காரியத்துக்கு நாம் இன்னும் நாணிக்கொண்டிருப்பது வியப்பே.

உண்மையில், புகழ்ச்சி என்ற சொல்லை இவ்விடத்தில் விட்டுவிடுவதே நன்று. கணக்கு என்பதே பொருத்தமான சொல். படுவான்கரை வயல்களில் போடியாரின் காணியைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரன், போகம் முடிந்ததும் களவெட்டியில் கணக்குச் சொல்வான். விதைத்தது எத்தனை, அறுத்தது எத்தனை, வெள்ளத்தில் அழுகியது எத்தனை, பன்றி அழித்தது எத்தனை என்று அவன் சொல்வதை எவரும் தற்பெருமையாகக் கொள்வதில்லை. சொல்லாவிட்டாலே ஐயம் எழும். அவ்வாறே காத்தான்குடி வர்த்தகர் ஒருவர் ஹிஜ்ரி ஆண்டு ஒன்று நிறைந்ததும் ஸகாத் கணக்குப் பார்க்க அமர்கின்றார். கடையில் இருக்கும் சரக்கு, கையிருப்புப் பணம், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது ஆகியவற்றை எழுதி, உரிய அளவை எட்டியிருந்தால் நாற்பதில் ஒரு பங்கைப் பிரிக்கின்றார். எந்த அதிகாரியும் அவர் தலைமாட்டில் நிற்பதில்லை. கூட்டிச் சொல்வதில் அவருக்கு இலாபமில்லை. குறைத்துச் சொல்வது அமானிதத்துக்கு மாறு. தன் வேலையைப் பற்றி எழுதும் ஊழியருக்கும் இவ்விரு எல்லைகளே உரியன.

கணக்கு என்றால் ஏடு வேண்டும். பன்னிரண்டு மாத வேலையைப் படிவம் வந்த அன்று மாலை நினைவிலிருந்து எழுத முற்படுவதே இக்காரியத்தில் நிகழும் முதற் தவறு. அன்று நினைவுக்கு வருவன கடைசி இரண்டு மாதங்களும், ஆண்டில் நேர்ந்த ஒரு பெரிய சச்சரவும் மட்டுமே. பிரித்தானியர் ஆட்சியில் அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் உத்தியோகபூர்வ நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் எழுதிய நாட்குறிப்புகள் பின்னர் 1960களில் நூலாகவே வெளிவந்தன. உப்புச் சேகரிப்பு, மாடுகளைக் கொன்ற கொள்ளைநோய், தாம் பயணஞ்செய்து பார்வையிட்ட ஊர்கள் என்று அன்றன்றைய வேலையே அவற்றில் உள்ளது. அந்த ஆட்சி யாருடைய நன்மைக்காக நடந்தது என்பது வேறு விடயம். ஆனால் நூறாண்டு கடந்த பின்னரும் அந்த உத்தியோகத்தர் எந்நாளில் எங்கு நின்றார் என்பதை நாம் அறிய முடிகின்றது. நமது வெளிக்கள உத்தியோகத்தர்களும் நாட்குறிப்பேடு வைத்திருக்கின்றார்கள். “வெளிக்களம் சென்றேன்” என்று மட்டும் அதில் எழுதப்படுவதே குறை. எங்கே, எவரிடம், எதற்காக, என்ன முடிந்தது என்ற நான்கையும் நாளொன்றுக்கு இரண்டு வரியில் எழுதிவைத்தால் வருட இறுதியில் சுயமதிப்பீடு பாதி முடிந்துவிடும்.

அடுத்ததாகக் கடமைப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். எதற்கு எதிராக அளப்பது என்று தெரியாமல் அளக்க முடியாது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொகையான பட்டதாரிகள் பயிலுநர்களாக அரச சேவையில் உள்வாங்கப்பட்டபோது, தமக்குரிய வேலை எதுவென்று தெளிவாகத் தெரியாமல் மேசையும் கதிரையுமின்றி நின்றோர் பலர். அத்தகையோர் நாளடைவில் தாமாகவே ஏற்றுக்கொண்ட பணிகள் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. பட்டியலில் இல்லாத வேலையைச் செய்திருந்தால், அதனை யார் பணித்தார், எப்போது முதல் என்ற விபரத்துடன் தனியாகக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் அவ்வேலை நடக்கவேயில்லை என்றாகிவிடும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கொக்கட்டிச்சோலையில் பணியாற்றும் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவருக்கு மூன்று கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் மகளிர் குழுக்களைக் கவனிக்கும் பொறுப்பு தரப்பட்டிருக்கின்றது. அவர் முதலில் எழுதியது இது: “மகளிர் குழுக்களை வலுப்படுத்தும் நடவடிக்கைகள் சிறப்பாக மேற்கொள்ளப்பட்டன.” இதே உத்தியோகத்தர் தமது நாட்குறிப்பேட்டைப் புரட்டிய பின்னர் இவ்வாறு எழுதக்கூடும்: “என் பொறுப்பில் ஒன்பது குழுக்கள் உள்ளன. ஜனவரியில் நான்கு குழுக்கள் கடன் தவணை தவறியிருந்தன. விசாரித்தபோது, அவற்றுள் மூன்றில் கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதப்படாததே காரணம் எனக் கண்டேன். மார்ச் முதல் ஜூன் வரை மாதம் இருமுறை சென்று ஒவ்வொரு குழுவிலும் இருவருக்குக் கணக்கெழுதப் பழக்கினேன். டிசம்பர் முடிவில் ஒரு குழு மட்டுமே நிலுவையில் உள்ளது. அக்குழுவின் பிரச்சினை கணக்கன்று. உறுப்பினர் பலர் ஊரை விட்டுச் சென்றுவிட்டமையே ஆகும்.”

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லேனும் இல்லை என்பதைக் கவனிக்கவும். சிறப்பு, அர்ப்பணிப்பு, அயராத உழைப்பு என்ற எதுவும் இல்லை. இருந்த நிலை, கண்டறிந்த காரணம், செய்த வேலை, வந்த நிலை ஆகியனவே உள்ளன. திருகோணமலையிலோ கொழும்பிலோ இதை வாசிப்பவர் சிறப்பு என்ற சொல்லைத் தாமே சொல்லிக்கொள்வார். எண்களைப் பயன்படுத்தும்போதும் ஓர் எச்சரிக்கை அவசியம். “42 கூட்டங்கள் நடத்தினேன்” என்பது வேலையின் அளவு. அதனால் யாருக்கு என்ன மாறியது என்பதே பயன். கூட்டங்களின் எண்ணிக்கையை எழுதிப் பயனை எழுதாமல் விடுவது நமது அலுவலகங்களின் நெடுநாள் நோய் எனலாம். எல்லாப் பணியையும் எண்ணால் அளக்க முடியாது என்பதும் உண்மையே. மகிழடித்தீவு வைத்தியசாலையில் இரவு நேரக் கடமையாற்றும் தாதி ஒருவரின் பணியை எண்ணிக்கை எவ்வளவுதான் காட்டும்? அத்தகையோர் ஒரு நிகழ்வை எடுத்து, நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்து, ஆறேழு வரிகளில் விபரிக்கலாம்.

நமது அலுவலகத் தமிழைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘நடைமுறைப்படுத்தப்பட்டது’, ‘ஆவன செய்யப்பட்டது’ என்று எழுதி எழுதிச் செய்தவரையே வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிட்டோம். சுற்றறிக்கைக்கு இது பொருந்தலாம். சுயமதிப்பீட்டில் இது தற்கொலைக்கு ஒப்பானது. யார் செய்தார் என்பதே அங்கு வினாவாக இருக்க, அதற்கு மட்டும் விடை இல்லை. செய்தேன், சென்றேன், கண்டேன், தவறினேன் என்று எழுதுவதில் ஆணவம் எதுவும் இல்லை. அதே வேளை, பலர் கூடிச் செய்ததை ஒருவர் தம்முடையதாக எழுதிக்கொள்வதும் நேர்மையன்று. “கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் நானும் இணைந்து செய்தோம், பயனாளிகளின் பட்டியலைத் தயாரித்து வீடு வீடாகச் சரிபார்த்தது என் பங்கு” என்று பங்கைப் பிரித்துச் சொல்வதே முறை. (ஆசிரியபீடத்தில் அமர்ந்து எப்போதும் ‘நாம்’ என்றே எழுதிப் பழகிய நமக்கு இவ்வறிவுரை கூறும் தகுதி உண்டா என வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.)

அனைத்திலும் கடினமானது குறைகளை எழுதும் பகுதி. அதனை வெறுமையாக விடுவோரே அதிகம். “குறைகள் எதுவும் இல்லை” என்று எழுதுவோரும் உளர். அத்தகைய வரியைக் கண்டதும் வாசிப்பவர் மேலே எழுதப்பட்டவற்றையும் ஐயுறத் தொடங்குவார். வெள்ளத்தில் அழுகியதைச் சொல்லாத முல்லைக்காரனின் விளைச்சற் கணக்கை யார் நம்புவர்? நமது கற்பனை உத்தியோகத்தர் இவ்வாறு எழுதலாம்: “நவம்பர் வெள்ளத்தின்போது இரண்டு பிரிவுகளுக்குச் செல்ல இயலவில்லை. அதனால் காலாண்டு அறிக்கை மூன்று வாரம் பிந்தியது. மாரி ஒவ்வோர் ஆண்டும் வருவதே என்பதால், தொலைபேசியில் விபரம் பெறும் ஏற்பாட்டை முன்னதாகவே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. இவ்வருடம் ஒவ்வொரு குழுவிலும் ஒருவரை இதற்கென நியமித்துள்ளேன்.” வெள்ளத்தின் மீது முழுப் பழியையும் போடாமல், வெள்ளத்துக்கு உரியதை வெள்ளத்துக்கும் தமக்கு உரியதைத் தமக்கும் பிரித்திருப்பதே இதன் பலம்.

ஆனால் எல்லா மேலதிகாரிகளும் இதனை நல்லெண்ணத்துடன் வாசிப்பார்களா என்ற கேள்வி எழும். வாசிக்க மாட்டார்கள் என்பதே நேர்மையான பதில். அமெரிக்க முகாமைத்துவ அறிஞர் டக்ளஸ் மக்கிரெகர் 1957இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் தகைமைக்குத் தீர்ப்பு வழங்கும் முறையே அதிகாரிகளுக்குச் சங்கடம் தருவது என்று வாதிட்டார். ஊழியரே தமது இலக்குகளை வகுத்து, தாமே தம்மை மதிப்பிட்டு, அதிகாரி துணைநிற்பதே சிறந்தது என்பது அவர் கருத்து. சுயமதிப்பீட்டுக்கு வலுவூட்டிய கட்டுரைகளுள் அது முக்கியமானது. 1965இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் நடந்த ஆய்வை விபரித்து மேயர், கே, பிரெஞ்ச் ஆகிய மூவர் அதே சஞ்சிகையில் எழுதினர். சம்பளத்தைத் தீர்மானிக்கும் பேச்சையும் குறைகளைத் திருத்தும் பேச்சையும் ஒரே அமர்வில் நடத்தினால், ஊழியர் தற்காப்பிலேயே இறங்குவர் என்றும், விமர்சனம் கூடக் கூட முன்னேற்றம் குறைந்தது என்றும் அவர்கள் காட்டினர். இரண்டையும் பிரிக்குமாறு அவர்கள் கூறி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் ஒரே தாளிலேயே இரண்டும் நடைபெறுகின்றன. ஆகவே, குறையை எழுதுபவர் பாவமன்னிப்புக் கேட்பவர் போல் எழுதலாகாது. வேலை சார்ந்த குறையை, அதற்குத் தாம் செய்துவிட்ட அல்லது செய்யவிருக்கும் திருத்தத்துடன் மட்டும் எழுத வேண்டும். “எனக்குப் பொறுமை குறைவு” என்பது போன்ற குணக்குறைகளை எழுதிக் கொடுத்து, நாளை அதே வரி தமக்கு எதிராகக் காட்டப்படுவதைக் காண வேண்டியதில்லை. சக ஊழியர் மீதான முறைப்பாட்டுக்கும் இது இடமன்று. அதற்கு வேறு வழி உண்டு.

பெண் ஊழியர்களுக்கு இதில் மேலதிகமாக ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களும் பெண்களும் ஒரே பரீட்சையை எழுதிய பின் தமது திறனைத் தாமே விபரிக்கக் கேட்கப்பட்டனர். ஒரே அளவு புள்ளி பெற்றிருந்தும் பெண்கள் தம்மைக் குறைத்தே கூறினர். பெற்ற புள்ளி எவ்வளவு, மற்றவர்களோடு ஒப்பிடுகையில் நிலை எது என்பதை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்த பின்னரும் அந்த இடைவெளி மறையவில்லை. அமெரிக்காவிலேயே இவ்வாறெனில், “பொம்பிளைப் பிள்ளை அடக்கமாக இருக்க வேணும்” என்று கேட்டு வளர்ந்த நமது ஆசிரியைகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் எவ்வளவு குறைத்து எழுதுவார்கள் என்பதை ஊகிக்கலாம். படிவத்தில் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் கட்டங்கள் இருந்தால், இவர்கள் எல்லாவற்றுக்கும் மூன்று இட்டுவிடுவர். சிலர், பெரும்பாலும் ஆண்கள், எல்லாவற்றுக்கும் ஐந்து இடுவர். இரண்டும் வாசிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. ஐந்து இட்ட இடத்தில் ஆதாரமும், இரண்டு இட்ட இடத்தில் காரணமும் எழுத முடிந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

எந்த மொழியில் எழுதுவது? அரச சேவையில் இதற்கு ஐயத்துக்கே இடமில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியாகவும் உள்ளது. தெரியாத மொழியில் மூன்று வரி எழுதுவதைவிடத் தெரிந்த மொழியில் ஒரு பக்கம் எழுதுவது மேல். தனியார் துறையில் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருப்பின், முதலில் தமிழில் முழுமையாக எழுதி, பின்னர் சிறிய சிறிய ஆங்கில வாக்கியங்களில் பெயர்க்கலாம். பெரிய ஆங்கிலச் சொற்களைத் தேடுவது வீண் வேலை.

இவ்வளவு எழுதியும் என்ன பயன், முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்கும் என்று சலித்துக்கொள்வோருக்கு, இந்தியாவில் நடந்த வழக்கு ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். எல்லை வீதிகள் பொறியியல் சேவையில் நிறைவேற்றுப் பொறியியலாளராக இருந்த தேவ் தத் என்பவருக்குப் பதவியுயர்வு பெற, ஐந்து ஆண்டுகளும் ‘மிக நன்று’ என்ற மதிப்பீடு தேவையாக இருந்தது. 1993–94ஆம் ஆண்டுக்கு மட்டும் அவரது இரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. நல்ல சொல்தானே என்று அதை அவருக்கு அறிவிக்கவேயில்லை. அந்த நல்ல சொல்லே அவரது பதவியுயர்வைத் தடுத்தது. 2008 மே 12ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் ஓய்வுபெற்றிருந்தார். எந்த மதிப்பீடாயினும் உரியவருக்கு அறிவிக்கப்பட வேண்டும், அதற்கெதிராக முறையிட அவருக்கு வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. மறுவருடம் இந்திய மத்திய அரசு இரகசிய அறிக்கை என்ற பெயரையே மாற்றி, அறிக்கை முழுவதையும் உத்தியோகத்தருக்குக் காட்டும் நடைமுறையைக் கொணர்ந்தது.

நமது நாட்டில் தாபன விதிக்கோவையின்படி வருடாந்த சம்பள ஏற்றம் தானாக வருவதன்று. திருப்திகரமான சேவையால் ஈட்டப்பட வேண்டியது. அது மறுக்கப்பட்டாலோ, பதவியுயர்வில் ஒருவர் தவிர்க்கப்பட்டாலோ மேன்முறையீட்டு வழிகள் உள்ளன. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களுக்கு எதிராக முறையிடுவதற்கு, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கின்றது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ள தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனங்களிடம் தகவல் கோரவும் முடியும். இவ்விடங்களில் எல்லாம் பேசுவது கடதாசியே. “நான் நன்றாகவே வேலை செய்தேன்” என்று ஐந்து ஆண்டுகளின் பின் வாயால் கூறுபவரையும், அந்தந்த ஆண்டிலேயே திகதியிட்டு எழுதி மேலதிகாரியின் கையில் கொடுத்தவரையும் எந்த நியாயசபையும் ஒரே தராசில் வைக்காது.

ஆகவே படிவத்தைக் கையளிக்கும்போது திகதியிட மறக்கலாகாது. கையளிக்குமுன் பிரதி ஒன்று எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை அதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், படிவத்தைப் புகைப்படமெடுத்து மின்னஞ்சலிலும் அனுப்பிவிடலாம். பிரதியை அலுவலக மேசை இலாச்சியில் வைப்பதில் பயனில்லை. இடமாற்றம் வரும்போது அது அங்கேயே தங்கிவிடும். 2007இன் இடப்பெயர்வையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட படுவான்கரை வீடுகளில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் பொலித்தீன் உறையில் சுற்றி உயரமான இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அந்த உறைக்குள்ளேயே இதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.